தொடங்கிய நாளைக் கொண்டாடும் நாடு

செப்டம்பர் 13, கெரெத்தாரோ

மெக்சிகோ நகரத்திலிருந்து வடமேற்கே மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். ஊரின் அடையாளம் 18ஆம் நூற்றாண்டில் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய கல் வாய்க்கால். 74 வளைவுகளோடு இன்றும் உறுதியாக நிற்கிறது. எல்லாரும் அங்கே படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் பையோடு நேராகப் பிளாசா தே அர்மாஸ் சதுக்கத்துக்கு நடந்தேன். அங்கே மாநில அரசின் அலுவலகமாக இருக்கிற பழைய மாளிகையில் ஹொசேஃபா ஓர்த்தீஸ் தே தொமிங்கெஸ் குடியிருந்தார்.

அவர் கணவர் மிகேல் தொமிங்கெஸ் இந்த ஊரின் கொரெஹிதோர், அதாவது ஸ்பானிய அரசரின் பெயரால் ஆளுகிற அதிகாரி. அவர்கள் வீட்டில் இலக்கியக் கூட்டம் என்ற பெயரில் சிலர் கூடினார்கள். பேசியதெல்லாம் ஸ்பெயினின் ஆட்சியை எப்படி முடிப்பது என்பதுதான். 1810 செப்டம்பர் நடுவில் விஷயம் வெளியே கசிந்தது. கூட்டாளிகளைப் பிடிக்கும் உத்தரவு கணவர் கையிலேயே வந்து சேர்ந்தது. மனைவி ஏதாவது செய்துவிடுவாள் என்று பயந்து, அவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார் தொமிங்கெஸ். ஹொசேஃபா காலணிக் குதியால் தரையைத் தட்டினார். கீழே குடியிருந்த சிறைக் காவலர் இக்னாசியோ பேரெஸும் கூட்டத்தைச் சேர்ந்தவர். சத்தம் கேட்டு மேலே வந்தார், பூட்டிய கதவின் வழியாகச் செய்தியை வாங்கிக்கொண்டு குதிரை ஏறினார்.

இந்தப் பயணத்தில் அந்தக் குதிரை போன வழியில் போய், அது மூட்டிய போர் முடியும் இடம்வரை தொடரப் பார்க்கிறேன். காரணம், பல ஆண்டுகளாக மனதில் இருக்கும் ஒரு கேள்வி. மெக்சிகோ விடுதலை பெற்றது 1821 செப்டம்பர் 27. அன்று இந்த நாட்டில் விடுமுறைகூட இல்லை. தேசியத் திருநாள் செப்டம்பர் 16, அதாவது 1810இல் கிளர்ச்சி தொடங்கிய நாள். தொடக்கி வைத்த முன்னணித் தலைவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் தோற்றுச் செத்தார்கள். ஆட்சி கைமாறிய நாளைக் கொண்டாடியே வளர்ந்த இந்தியனுக்கு இது புரிவதற்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது.

ஹொசேஃபா அதற்கு விலை கொடுத்தார். பல பிள்ளைகளின் தாயான அவரைப் பிடித்துக் கொண்டுபோய், ஆண்டுக்கணக்கில் கன்னிமாடங்களில் அடைத்து வைத்தார்கள். ஊரில் அவரை இன்றும் கொரெஹிதோரா என்றுதான் சொல்கிறார்கள். கணவரின் பதவிப் பெயர் மனைவிக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

செப்டம்பர் 14, சான் மிகேல் தே அயெந்தே, அதோதோனில்கோ

சான் மிகேல் அழகான ஊர், மிகவும் விலை கூடிய ஊர். அமெரிக்காவிலிருந்து ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்தவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். இங்கே பிறந்த இக்னாசியோ அயெந்தே ஸ்பானியப் படையில் கேப்டன், வசதியான குடும்பம். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம்.

அயெந்தே ஒரு கிரியோயோ. மெக்சிகோவில் பிறந்த ஸ்பானிய வம்சத்தாரை அப்படிச் சொல்வார்கள். ஸ்பெயினின் ஆட்சிப் பகுதியாக இருந்த அன்றைய நியூ ஸ்பெயினில் ஏறத்தாழ 60 லட்சம் பேர். உச்சியில் ஸ்பெயினிலேயே பிறந்து வந்தவர்கள். எண்ணிக்கையில் மிகச் சிலர், ஆனால் வைஸ்ராய், பேராயர், நீதிபதி என்று மேல்பதவிகள் பெரும்பாலும் அவர்களிடம். அடுத்து கிரியோயோக்கள். பிறகு கலப்பினத்தவரான மெஸ்திசோக்கள். அதற்கும் கீழே, தலைவரி கட்டும் பழங்குடி மக்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் அடித்தட்டில். யார் யாருக்குப் பிறந்தால் என்ன பெயர் என்று வகை பிரித்து ஓவியமே வரைந்து தொங்கவிட்ட சமூகம் அது. பிறப்பை வைத்து மனிதனை அடுக்கும் அந்த ஓவியங்கள் எனக்கு எதை நினைவூட்டும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிரியோயோக்களின் கோபம் பதவி பற்றியது, பணம் பற்றியதும்கூட. 1804இல் ஸ்பெயின் தன் போர்ச் செலவுக்காக, திருச்சபை கடனாகக் கொடுத்திருந்த பணத்தையெல்லாம் திரும்பக் கேட்டது. அந்தக் கடனை நம்பியிருந்த பண்ணைக்காரர்கள் ஆடிப்போனார்கள். 1808இல் நெப்போலியன் ஸ்பெயினைப் பிடித்து அரசரைச் சிறைவைத்ததும், யார் பெயரால் நம்மை ஆளுகிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. அதே நேரத்தில் இந்தப் பகுதியில் மழை பொய்த்து மக்காச்சோளம் விலை ஏறிக் கிடந்தது. மேலே இருந்தவர்களின் கோபமும் கீழே இருந்தவர்களின் பசியும் 1810இல் ஒரே ஊரில் சந்தித்தன.

மாலையில் பக்கத்து அதோதோனில்கோ தேவாலயத்துக்குப் போனேன். சுவர், கூரை, இடுக்கு எல்லாம் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். 1810 செப்டம்பர் 16 அன்று கிளர்ச்சிக்காரர்கள் இங்கிருந்துதான் குவாதலூப்பே மாதாவின் படத்தை எடுத்துக் கொடியாக ஏந்தினார்கள். குவாதலூப்பே மாதா மாநிறத்தவள், 1531இல் ஒரு பழங்குடி மனிதருக்குக் காட்சி கொடுத்ததாக நம்பப்படுபவள். பண்ணைக் கூலிகளிடம் அரசியல் உரை செய்யாததை அந்தப் படம் செய்தது. பின்னாளில் அரசுப் படையினர் ஸ்பெயினிலிருந்து வந்த ரெமேதியோஸ் மாதாவைத் தங்கள் தலைவியாக்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 15, நள்ளிரவு தாண்டி, தோலோரெஸ் இதால்கோ

காது இன்னும் இரைகிறது. தூங்கும் முன் எழுதிவிட வேண்டும்.

காலையிலேயே வந்துவிட்டேன். சதுக்கத்தைச் சுற்றி ஐஸ்கிரீம் வண்டிகள். மக்காச்சோளம், அவகாடோ, பாலாடைக்கட்டி, இறால் என்று நாம் நினைத்தே பார்க்காத ருசிகள். மக்காச்சோளம் அருமை. தெருவெங்கும் வண்ணமிட்ட மட்பாண்டக் கடைகள். மண்பாண்டத்தைப் பார்த்ததும் அந்தப் பாதிரியார் நினைவு வந்துவிடுகிறது.

மிகேல் இதால்கோ 1753இல் பிறந்தவர். இன்று மொரேலியா என்று சொல்லும் வயாதொலித்தில் சான் நிகோலாஸ் கல்லூரியின் தலைவராக இருந்து, 1803இல் இந்த ஊருக்குப் பங்குத்தந்தையாக வந்தார். பிரெஞ்சு நூல்கள் படித்தவர், பழங்குடி மொழி பேசத் தெரிந்தவர். பூசையைவிட அவர் மனம் பட்டறைகளில்தான் இருந்தது. மண்பாண்டம், தோல் பதனிடுதல், தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு, திராட்சைத் தோட்டம் என்று ஊர் ஏழைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். அவர் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே நிற்கும்போது எனக்குப் பட்டது இதுதான்: அந்த ஞாயிறு விடிகாலையில் மணி அடித்ததும் மக்கள் ஓடிவந்தது தத்துவத்துக்காக அல்ல. இந்த மனிதர் ஏழு ஆண்டுகளாகத் தங்களோடு மண்ணைப் பிசைந்தவர் என்பதற்காக வந்தார்கள்.

செப்டம்பர் 16 விடிவதற்கு முன் பேரெஸும் இன்னொரு கூட்டாளியான அல்தாமாவும் இங்கே வந்து சேர்ந்தார்கள். அயெந்தே ஏற்கெனவே இதால்கோவின் வீட்டில் இருந்தார். திட்டம் உடைந்துவிட்டது, ஓடலாம், அல்லது இப்போதே தொடங்கலாம். இதால்கோ தொடங்கலாம் என்றார். சிறையில் இருந்தவர்களை விடுவித்தார்கள், ஊரிலிருந்த ஸ்பானியர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். தேவாலய மணி அடித்தது. ஞாயிறு வழிபாட்டுக்கும் சந்தைக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வரும் நேரம். வாசலில் நின்று இதால்கோ பேசினார். அவர் சொன்னதை அங்கேயே யாரும் குறித்து வைக்கவில்லை. பின்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். மாதா வாழ்க, சிறைப்பட்ட அரசர் வாழ்க, கெட்ட ஆட்சி ஒழிக என்பது பல பதிப்புகளில் வருகிறது. தலைவரி இனி இல்லை என்றும் அறிவித்ததாகச் சொல்வார்கள். கூட்டத்தில் இருந்த கூலிக்காரனுக்கு இதில் எது காதில் விழுந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று இரவு 11 மணிக்கு அதே வாசல். சதுக்கத்தில் நிற்க இடமில்லை. தூறல். குழந்தைகள் அப்பாக்களின் தோளில். மேலே இருந்து ஒரு குரல் பெயர்களைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் கீழேயிருந்து "விவா!" என்று பதில். இதால்கோ. மொரெலோஸ். ஹொசேஃபா ஓர்த்தீஸ். அயெந்தே. கடைசியில் மூன்று முறை "விவா மெஹிகோ!" மணி அடித்தது. ஆனால் இது அந்த மணி அல்ல. 1810இல் அடித்த மணியை 1896இல் அப்போதைய நாட்டுத் தலைவர் போர்ஃபீரியோ தியாஸ் தலைநகருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேசிய அரண்மனையின் மாடத்துக்கு மேலே தொங்குகிறது. ஒவ்வொரு ஆண்டும் நாட்டின் தலைவர் அதை அடிக்கிறார்.

என் பக்கத்தில் நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரப் பெரியவரிடம், என் அரைகுறை ஸ்பானிய மொழியில், செப்டம்பர் 27 அன்றும் இங்கே ஏதாவது உண்டா என்று கேட்டேன். "அது இதுர்பிதேயின் நாள், செஞோர். இது எங்கள் பாதிரியாரின் நாள்" என்றார். இதுர்பிதே 1821இல் வெற்றிப் படையோடு தலைநகருக்குள் நுழைந்த தளபதி. அதற்கு மேல் விளக்கம் சொல்ல பெரியவருக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 18, குவானஹுவாத்தோ

மலைப் பள்ளத்தாக்கில் வண்ண வண்ண வீடுகளை அடுக்கி வைத்த ஊர். வண்டிகள் ஊருக்கு அடியில் சுரங்கப் பாதைகளில் ஓடுகின்றன. எல்லாம் வெள்ளி கட்டிய ஊர். மேலே வலென்சியானா சுரங்கம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே அதிகம் வெள்ளி தந்த சுரங்கங்களில் ஒன்று. இங்கிருந்து போன வெள்ளிதான் ஸ்பானிய டாலராக உலகம் சுற்றியது. நம் மெட்ராஸ் தங்கசாலைக்கும் அது வந்திருக்கிறது. 1807, 1808 வாக்கில் கம்பெனியார் அங்கே வெளியிட்ட அரை வராகன் வெள்ளிக்காசுகள் பல, ஸ்பானிய டாலரின் மேலேயே முத்திரை குத்தி அடிக்கப்பட்டவை. பழைய முத்திரையின் எச்சம் சில காசுகளில் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் நான் வந்தது அலோந்திகா தே கிரனாதித்தாஸைப் பார்க்க. தானியக் கிடங்கு, 1809இல் கட்டி முடித்தார்கள். தடித்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள், அரண்மனை அளவுக்குப் பெரிது. பஞ்ச காலத்தில் ஊருக்குச் சோளம் சேமித்து வைக்க எழுப்பிய கட்டடம். 1810 செப்டம்பர் 28 அன்று, இதால்கோவின் படை ஆயிரக்கணக்கில் பெருகி ஊரை நெருங்கியபோது, மாகாண அதிகாரி ரியாஞோ ஸ்பானியக் குடும்பங்களையும் அவர்களின் வெள்ளியையும் படைவீரர்களையும் இதற்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். ஊர் ஏழைகள் வெளியே விடப்பட்டார்கள். சோளமோ உள்ளே. ரியாஞோவும் இதால்கோவும் நண்பர்கள். சரணடையச் சொல்லி நண்பர் அனுப்பிய கடிதத்தை அவர் ஏற்கவில்லை. சண்டை தொடங்கிய சற்று நேரத்தில் வாசலருகே குண்டு பட்டு விழுந்தார்.

கதவைத் திறந்தது ஒரு சுரங்கத் தொழிலாளி என்பது ஊர் நம்பிக்கை. பிபிலா என்று அழைக்கப்பட்டவர். முதுகில் அகலமான கல்லைக் கட்டிக்கொண்டு, மேலிருந்து விழும் குண்டுகளுக்கு நடுவே தவழ்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தார். எதிர் மலையில் அவருக்குப் பெரிய சிலை வைத்திருக்கிறார்கள், இழுவை வண்டியில் ஏறிப் போகலாம். கதை எந்த அளவுக்கு உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் அன்று ஊரோடு திரண்டு இதால்கோவின் பக்கம் போனார்கள் என்பதில் வாதம் இல்லை. மண்ணுக்கு அடியில் கல் சுமந்தவன் மண்ணுக்கு மேலும் கல் சுமந்தான் என்று மக்கள் நினைவில் வைத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

கதவு எரிந்த பிறகு உள்ளே நடந்தது கொலை. சரணடைந்தவர்களையும் விடவில்லை. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், ஊர் சூறையாடப்பட்டது. இதை மெழுகிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்முற்றத்தில் நீண்ட நேரம் நின்றேன். அயெந்தேயும் இதால்கோவும் பிரிந்தது இதில்தான்: அயெந்தேக்கு ஒழுங்கான படை வேண்டும், கொள்ளையைத் தடுக்க வேண்டும், இதால்கோவோ இந்த மக்களைத் தவிரத் தனக்கு வேறு படை இல்லை என்று நினைத்தார். முந்நூறு ஆண்டு சேர்ந்த கோபம் ஒரு பிற்பகலில் வெடித்தது என்று சொன்னால் அது காரணம்தான், நியாயம் ஆகாது. நவம்பரில் அரசுப் படைத் தளபதி கயேஹா ஊரை மீட்டபோது தெருக்களில் தூக்குமரங்கள் நட்டு உள்ளூர்க்காரர்களைத் தொங்கவிட்டார். அதற்கும் நியாயம் கிடையாது.

அன்று 17 வயதில் இந்த ஊரில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர் லூக்காஸ் அலமான், பணக்காரச் சுரங்கக் குடும்பத்துப் பையன். பின்னாளில் மெக்சிகோவின் பெரிய வரலாற்றாசிரியராகவும் அமைச்சராகவும் ஆனார். கூட்டத்தின் மீதான அந்த நாளின் பயம் கடைசிவரை அவர் எழுத்தை விட்டுப் போகவில்லை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இருமுறை வருவார்.

கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பெயர்: இதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ். அக்டோபர் 30 அன்று இதால்கோவின் படை தலைநகருக்குப் பக்கத்து மலையில் வென்றது. நகரத்துக்குள் இறங்காமல் திரும்பியது. ஏன் என்று இன்றும் விவாதம் ஓயவில்லை. 1811 ஜனவரி 17 அன்று கால்தெரோன் பாலத்தில் வெடிமருந்து வண்டி தீப்பற்றி, படை சிதறியது. மார்ச்சில் தலைவர்கள் காட்டிக்கொடுக்கப்பட்டார்கள். சிவாவாவில் ஜூன் 26 அன்று மற்ற மூவரையும், ஜூலை 30 அன்று இதால்கோவையும் சுட்டார்கள். நான்கு தலைகளையும் இரும்புக் கூண்டில் வைத்து இந்த நான்கு மூலைகளில் தொங்கவிட்டார்கள். 1821 வரை, பத்து ஆண்டுகள், தொங்கின. இந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 21, மொரேலியா

மழை விடவில்லை. இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய தேவாலயம் நனைந்து இன்னும் சிவந்திருக்கிறது. சாலையோரம் மாங்காய், அன்னாசி, ஹிகாமாக் கிழங்கு பொடியாக நறுக்கி, ஆரஞ்சுச்சாறும் மிளகாய்த்தூளும் பாலாடைக்கட்டித் துருவலும் போட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டு கோப்பை சாப்பிட்டேன்.

வயாதொலித் என்ற ஊரின் பெயரை 1828இல் மாற்றினார்கள், இங்கே பிறந்த ஹொசே மரியா மொரெலோஸின் பெயரால். இந்தப் போராட்டத்தில் எனக்கு மிக நெருக்கமான மனிதர் இவர்தான்.

1765இல் தச்சரின் மகனாகப் பிறந்தவர். ஸ்பானிய, பழங்குடி, ஆப்பிரிக்க ரத்தம் கலந்தவர். ஆண்டுக்கணக்கில் பண்ணையில் வேலை, கோவேறு கழுதைகள் ஓட்டிச் சரக்குச் சுமத்தல். 25 வயது வாக்கில்தான் படிக்க வந்தார், இதால்கோ தலைவராக இருந்த சான் நிகோலாஸ் கல்லூரிக்கு. பிறகு வெக்கை மிகுந்த கரக்குவரோ என்ற ஏழைப் பங்கில் பாதிரியார். 1810 அக்டோபர் 20 அன்று, இந்த ஊருக்குப் பக்கத்தில், படையோடு போய்க்கொண்டிருந்த பழைய ஆசிரியரைத் தேடி வந்தார். படைக்குப் பூசை வைக்கும் பாதிரியாராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். இதால்கோ அவரைத் தெற்கே போய்ப் படை திரட்டி அகாபுல்கோவைப் பிடிக்கச் சொன்னார். இருபது, இருபத்தைந்து பேரோடு தொடங்கியவர் மொரெலோஸ். கூட்டத்தைப் பெருக்கவில்லை, சிறிய, கட்டுப்பாடான படைகளை வைத்துக்கொண்டார். 1812இல் குவாவுத்லா ஊரில் கயேஹாவின் முற்றுகையை 72 நாள் தாங்கி, நள்ளிரவில் உடைத்து வெளியேறினார். கழுதை ஓட்டிப் பழகிய பாதைகள் அவருக்குப் போர்ப் பாதைகளாயின. 1813 ஆகஸ்டில் அகாபுல்கோ கோட்டை சரணடைந்தது.

அவர் பிறந்த வீடும், பின்னாளில் வாங்கி வாழ்ந்த வீடும் இரண்டுமே அருங்காட்சியகங்கள். ஆனால் மொரெலோஸைப் பார்க்க வீட்டைவிட ஒரு காகிதம் முக்கியம். 1813 செப்டம்பர் 14 அன்று சில்பான்சிங்கோ ஊரில் கூடிய மாநாட்டில் அவர் வைத்த 23 அம்சங்கள். அமெரிக்கா ஸ்பெயினிலிருந்து விடுபட்டது, இறையாண்மை மக்களிடமிருந்து வருகிறது, அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிக, சாதிப் பிரிவினையும் ஒழிக, ஒருவரை ஒருவரிடமிருந்து வேறுபடுத்துவது நல்லொழுக்கமும் தீயொழுக்கமும் மட்டுமே, சட்டங்கள் செல்வத்தின் மிகுதியையும் வறுமையையும் மட்டுப்படுத்த வேண்டும், ஏழையின் கூலி உயர வேண்டும், தலைவரி ஒழிய வேண்டும், சித்திரவதை கூடாது. கத்தோலிக்கம் தவிர வேறு மதம் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறார். அவர் காலத்துப் பாதிரியார்தானே. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நான் தேடி வந்த பதில் அந்தக் காகிதத்தின் கடைசி அம்சத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 16ஐக் கொண்டாட வேண்டும், விடுதலைக் குரல் எழுந்த நாள் அது என்று 23ஆம் அம்சம் சொல்கிறது. போர் நடந்துகொண்டிருக்கிறது, ஆசிரியரின் தலை கூண்டில் தொங்குகிறது, வெற்றி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் திருநாளைக் குறித்துவிட்டார். அரசு கொடுத்த விடுமுறை அல்ல இது. போர்க்களத்தில் இருந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட நாள்.

இதே ஊரில் இன்னொருவரும் பிறந்தார். அகுஸ்தின் தே இதுர்பிதே, 1783, பணக்காரக் குடும்பம். கிளர்ச்சியில் சேர இதால்கோ அழைத்தும் சேராமல் அரசுப் படையில் நின்றவர். 1813 டிசம்பரில் மொரெலோஸ் தன் சொந்த ஊரைப் பிடிக்க வந்தபோது அவரை முறியடித்ததில் இதுர்பிதேக்குப் பெரும்பங்கு. அதற்குப் பிறகு மொரெலோஸின் படை பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 27, மெக்சிகோ நகரம்

சோகலோ சதுக்கம் வழக்கம்போல். அலுவலகம் போகிறவர்கள், பலூன்காரர்கள், ஆர்ப்பாட்டக்காரர்கள். 1821இல் இதே நாளில் இதுர்பிதே வெற்றிப் படையோடு இந்த நகரத்துக்குள் நுழைந்தார். அன்று அவருக்குப் பிறந்தநாளும்கூட.

எப்படி அவர்? 1820இல் ஸ்பெயினில் தாராளவாதிகள் கை ஓங்கி, பழைய அரசியல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். திருச்சபை, ராணுவம் ஆகியவற்றின் சலுகைகள் போய்விடும் என்று இங்கிருந்த மேல்தட்டினர் பயந்தார்கள். பத்து ஆண்டு கிளர்ச்சிக்காரர்களை வேட்டையாடியவர்களுக்குத் திடீரென்று விடுதலை தேவைப்பட்டது. 1821 பிப்ரவரி 24 அன்று இதுர்பிதே இகுவாலா திட்டத்தை வெளியிட்டார்: கத்தோலிக்க மதம், விடுதலை, எல்லாருக்கும் ஒற்றுமை. அரியணையில் ஸ்பெயின் அரசரையே உட்கார அழைக்கும் விடுதலை அது. தெற்கு மலைகளில் அடங்காமல் போரிட்டுக்கொண்டிருந்த விசென்தே கெரேரோ அதில் இணைந்தார். அவரும் கழுதை ஓட்டியவர், ஆப்பிரிக்க வம்சாவளி. 1812இல் வந்த ஸ்பெயினின் அந்தச் சட்டம் ஆப்பிரிக்க வழியினருக்குக் குடியுரிமை மறுத்திருந்தது. இகுவாலா திட்டத்தின் 12ஆம் பிரிவு அந்த வேற்றுமையை நீக்கியது. கெரேரோ கைகுலுக்கியதை அந்த ஒரு பிரிவுக்காகவே நான் புரிந்துகொள்கிறேன். அடுத்த ஆண்டு இதுர்பிதே தன்னைப் பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். 1823இல் பதவி போனது, 1824இல் அவரையும் சுட்டார்கள்.

இன்று முழுவதும் நடந்தேன். சாந்தோ தொமிங்கோ சதுக்கத்தில் பழைய இன்குவிசிஷன் (திருச்சபையின் மத விசாரணை மன்றம்) மாளிகை; இப்போது மருத்துவ அருங்காட்சியகம். 1815 நவம்பரில் மொரெலோஸை இங்கேதான் அடைத்து வைத்து விசாரித்து, பாதிரியார் பட்டத்தைப் பறித்தார்கள். டிசம்பர் 22 அன்று நகரத்துக்கு வெளியே எகாதெபெக்கில் சுட்டார்கள். அதே சதுக்கத்தில், கூப்பிடு தூரத்தில், லியோனா விகாரியோ 1842இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. பெரும் சொத்துக்காரி. இந்த நகரத்தில் இருந்துகொண்டே கிளர்ச்சிக்காரர்களுக்குப் பணமும் ஆளும் ரகசியச் செய்தியும் அனுப்பினார். 1813இல் பிடிபட்டார். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அடைத்து வைத்த இடத்திலிருந்து தப்பி, மொரெலோஸின் பக்கம் போய்ச் சேர்ந்தார். சொத்தெல்லாம் பறிமுதல். மலைகளில் அலைந்த காலத்தில் பிள்ளையும் பெற்றார். அப்போதைய அமைச்சர் அலமான் 1831இல், லியோனா செய்ததெல்லாம் காதலனுக்காக என்று எழுதினார். லியோனா பத்திரிகையிலேயே பதில் கொடுத்தார்: பெண்களின் செயலுக்குக் காதல் ஒன்றே காரணம் அல்ல, நாட்டின் விடுதலையை விரும்பும் உணர்வு எங்களுக்கும் உண்டு, என் எண்ணங்களும் செயல்களும் என்றும் என்னுடையவையே என்று. வீட்டு வாசலில் நின்று அந்தப் பதிலை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

மாலையில் ரெஃபோர்மா சாலையில் விடுதலைத் தூண். 1910 செப்டம்பர் 16 அன்று நூற்றாண்டுக்குத் திறந்தது. இதால்கோவைச் சுற்றி மொரெலோஸ், கெரேரோ, மினா, பிராவோ. 1925இல் போராளிகளின் எலும்புகளை இதற்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஹிமெனெஸும் அல்தாமாவும் அயெந்தேயும் உள்ளே இருக்கிறார்கள், கூண்டில் தொங்கிய அந்தத் தலைகளோடு. லியோனாவும் இருக்கிறார். இதுர்பிதே சோகலோவின் பேராலயத்தில், தனியே ஒரு சிற்றாலயத்தில். அதிகாரம் கைமாறியது அவர் கையில்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் எதற்காக அது கைமாற வேண்டும் என்று சொன்னவர்கள் இந்தத் தூணுக்குள் இருக்கிறார்கள். ஐஸ்கிரீம் பெரியவர் சொன்னது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

செப்டம்பர் 29, ஓஹாகா, குயிலாபம்

ஓஹாகாவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பங்கு டாக்ஸிகள் கிடைக்கின்றன. பெரிய தொமினிக்கன் மடம். கட்டி முடிக்காமல் விட்ட தேவாலயம் கூரையின்றி வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. விசென்தே கெரேரோவைக் கடைசியாக வைத்திருந்த அறை இங்கே இருக்கிறது.

கெரேரோ 1829இல் குடியரசுத் தலைவர் ஆனார். கழுதை ஓட்டியவர், ஆப்பிரிக்க வழியினர், அந்த நாற்காலியில். அந்த ஆண்டு விடுதலைத் திருநாளை ஒட்டி, செப்டம்பர் 15 அன்று, அடிமைமுறையை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். இதால்கோ 1810 டிசம்பரில் குவாதலஹாராவில் போட்ட ஆணை, மொரெலோஸ் 1813இல் எழுதிய வரி, இரண்டும் இப்படித்தான் நாட்டின் சட்டமாயின. டெக்ஸாஸில் குடியேறிய வெள்ளைக்காரப் பண்ணையார்கள் கூச்சலிட்டு, டிசம்பர் தொடக்கத்திலேயே தங்களுக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். அதே மாதம் துணைத் தலைவர் புஸ்தமந்தே கலகம் செய்து கெரேரோவை இறக்கினார். அந்த அரசில் முதன்மை அமைச்சர் யார் என்று சொல்ல வேண்டுமா? அலமான்தான். 1831 ஜனவரியில் அகாபுல்கோவில் ஒரு ஜெனோவாக் கப்பல்காரர் கெரேரோவை விருந்துக்கு அழைத்துப் பிடித்துக் கொடுத்தார். 50,000 பெசோ கூலி என்று பேசப்பட்டது. பிப்ரவரி 14 அன்று இங்கே சுட்டார்கள். லியோனா தன் பதிலை எழுதியது அதற்குச் சில வாரம் கழித்து.

ஸ்பெயின் இந்த நாட்டின் விடுதலையை ஏற்றதே 1836இல்தான். அதற்குள் விடுதலைக்காக இறுதிவரை நின்றவரை விடுதலை பெற்றவர்களே கொன்றுவிட்டார்கள். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மடத்தில் சுற்றுலாக்காரர்கள் அதிகம் இல்லை. சீருடையில் ஒரு பள்ளிக் கூட்டம் வந்திருந்தது. ஆசிரியை கெரேரோவின் தந்தை கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: மகனைச் சரணடையச் செய்ய அரசுத் தரப்பு தந்தையைத் தூது அனுப்பியது, நாடுதான் முதலில் என்று மகன் திருப்பி அனுப்பினார். அந்த வாசகம் இப்போது நாடாளுமன்றச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பின் வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கி, அப்படியென்றால் அவரை ஏன் நம்ம ஆட்களே சுட்டார்கள் என்று கேட்டான். ஆசிரியை பிள்ளைகளை நிழலில் உட்காரச் சொல்லி, பதிலைப் பொறுமையாகத் தொடங்கினார். சாதி அடுக்கிலிருந்து தொடங்கினார்.

மொரெலோஸோடும் கெரேரோவோடும் போரிட்டவர்களில் பெரும்பங்கு பசிபிக் கரையின் ஆப்பிரிக்க வழி மக்கள். கோஸ்தா சிகா என்ற அந்தக் கரையில் அவர்களின் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. மெக்சிகோவின் அரசியல் சட்டம் அவர்களை ஒரு மக்களாக ஏற்றது 2019இல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை ஆப்ரோமெக்சிகர் என்று பதிந்துகொண்டார்கள். குவாஹினிக்குயிலாபா என்ற ஊரில் அவர்கள் வரலாற்றுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நாளைக் காலை ஓஹாகாவிலிருந்து பினோதெபா நசியோனலுக்கு வண்டி. அங்கிருந்து அந்த ஊர் பக்கம்தான்.